‘சூடு’ என்றார் டாக்டர்

கேள்வி: சிறுநீர் போகையில் எரிச்சல், சீழ். குடும்ப டாக்டர் ‘உடம்புச் சூடு’ என்று ஊசி போட்டார். நின்றது, திரும்ப வந்துவிட்டது. அப்பாவுக்கும் அவர்தான் டாக்டர். மேற்கொண்டு பேசக் கூச்சம்.
– பட்டு நெசவாளர், ஆரணி

பதில்: கூச்சம் டாக்டருக்கும்தான்! சூட்டில் சீழ் வராது; உடலுறவில் பரவும் தொற்றில் வரும். ‘வெளியே போனதுண்டா?’ என்று அவர் கேட்டிருக்க வேண்டும். அரசு சிகிச்சை முறையில் இதற்குச் சாம்பல் நிற மருந்துப் பொட்டலமே உண்டு: அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மில்லிகிராம், ஒரே வேளை. கொனோரியா, கிளாமிடியா இரண்டுக்கும் சேர்த்து. நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். உங்களுக்கு ஏற்கெனவே ஒரு ஊசி போட்டும் திரும்ப வந்திருக்கிறது, அதனால் பரிசோதனை தேவை. மனைவிக்கு அறிகுறியே இல்லாவிட்டாலும் அவருக்கும் சிகிச்சை வேண்டும். இல்லையேல் தொற்று தறி நாடாபோல உங்கள் இருவருக்குள் போய் வரும். இருவருக்கும் சிகிச்சை முடியும்வரை உறவு வேண்டாம். உள்ளூரில் தெரிந்த முகம் தடையென்றால் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். அங்குள்ள நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை இலவசம். சிஃபிலிஸுக்கும் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் போனில் பேச எய்ட்ஸ் உதவி எண் 1097.