தேங்காய் எண்ணெய்: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது?



உடல் நலம் அல்லாஹ் நமக்குத் தந்திருக்கும் அமானிதம். அதைப் பேணுவது நம் மீது கடமை. எல்லோர் வீட்டிலும் இருக்கும் தேங்காய் எண்ணெயைப் பற்றி இந்த இதழில் பார்ப்போம். தோலுக்கும் முடிக்கும் அது நல்லது என்பது உண்மை. ஆனால் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் அதுவே மருந்து என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் சுற்றுகின்றன. அதை நம்பி மாத்திரையை நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். எனவே இரண்டையும் பிரித்து அறிந்துகொள்வது அவசியம்.

முதலில் ஒரு விளக்கம். உண்ணவும் தேய்த்துக்கொள்ளவும் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஹதீஸில் வருவது ஸைத்தூன் எண்ணெய்தான். அந்தச் சிறப்பைத் தேங்காய் எண்ணெய்க்கு ஏற்றிச் சொல்வது சரியல்ல. என்றாலும் இதுவும் நம் மண்ணில் அல்லாஹ் தந்திருக்கும் நிஃமத்.

தோலுக்கு

எண்ணெய் தோலுக்குத் தண்ணீர் தருவதில்லை; உள்ளே இருக்கும் ஈரம் போய்விடாமல் மூடி வைக்கிறது. ஆகவே குளித்துத் துவட்டியதும், தோலில் சிறிது ஈரம் இருக்கும்போதே தடவினால் பலன் அதிகம். மார்கழிக் குளிரில் தோல் வறண்டு அரிப்பெடுக்கும் பெரியவர்களுக்கு இது மிகவும் பயன்படும். குழந்தைகளின் கரப்பான் இலேசாக இருந்தால் தேங்காய் எண்ணெய் உதவுகிறது என்று 2014-ல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. ஆனால் தோல் வெடித்து நீர் வடிந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். முகப்பரு உள்ளவர்கள் முகத்தில் தடவ வேண்டாம். துளைகள் அடைத்துப் பரு கூடும்.

ஒளு செய்பவர்களின் பாதங்கள்

ஒரு நாளில் ஐந்து முறை கால் கழுவுகிறோம். விரல் இடுக்கில் ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகள் ஒளுவுக்குப் பிறகு விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும். இஷா தொழுத பின் குதிகாலிலும் பாதத்திலும் சிறிது எண்ணெய் தடவலாம். விரல் இடுக்கில் மட்டும் தடவக் கூடாது. தடவும்போதே பாதத்தில் வெடிப்பு, கொப்புளம், நிறமாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். கண் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சின்னப் புண்கூட விரலை எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

தோலில் கெட்டியான படலமாக நின்று தண்ணீரைத் தடுக்காத எண்ணெய் ஒளுவுக்குத் தடையல்ல. தலையிலும் உடலிலும் எண்ணெய் தடவுவதால் நோன்பு முறியாது. இஹ்ராமில் சட்டம் வேறு. ஹஜ், உம்ரா செல்பவர்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிக்கு

தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். இது முடியின் உள்ளே ஊடுருவி, அலசும்போது புரதம் இழப்பதைக் குறைக்கிறது. 2003-ல் வெளியான இந்திய ஆய்வில் சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் இந்தப் பலனைத் தரவில்லை. எனவே தலை குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்பு தேய்ப்பது நல்லது. ஆனால் வழுக்கையில் முடி முளைக்கும் என்று நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம். பொடுகு அதிகம் உள்ளவர்கள் எண்ணெயை ஊற வைத்தால் பொடுகு கூடலாம்.

செய்யக் கூடாதவை

பச்சிளம் குழந்தையின் உடம்பில் இதமாகத் தடவலாம். ஆனால் குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் பழக்கத்தைக் கட்டாயம் கைவிட வேண்டும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும். வீட்டுப் பெரியவர்களும் குளிப்பாட்ட வருபவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விழாத தொப்புள்கொடியிலும் எண்ணெய் வைக்க வேண்டாம்.

தீப்பட்டால் எண்ணெய் தடவாதீர்கள். சூடு உள்ளேயே தங்கிவிடும். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

சாப்பாட்டில்

தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல்லை இது உயர்த்துகிறது. நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்கு மேல் இவ்வகைக் கொழுப்பு வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி உண்பவருக்கு அது 22 கிராம்தான். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயிலேயே 11 கிராமுக்கு மேல் இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி குடித்தால் அன்றைய கணக்கு முடிந்துவிடும். அதற்கு மேல் நெய்ச்சோறும் கறியும் சேர்ந்தால் என்னாகும் என்று யோசியுங்கள். தாளிக்கச் சிறிதளவு சேர்ப்பதில் தவறில்லை. மருந்தாக எண்ணிக் குடிப்பதுதான் தவறு. சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது.

வாங்கும்போது

சமையலுக்கு வாங்கும் பாக்கெட்டில் 14 இலக்க உணவு உரிம எண் இருக்க வேண்டும். வாசனை சேர்த்த தலை எண்ணெய்களில் மினரல் ஆயில் கலந்திருக்கலாம். அவற்றைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள். முழுவதும் உறையாமல் ஒரு பகுதி தனி அடுக்காகத் திரவமாகவே நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது.

இந்தச் செய்தியை வீட்டில் உள்ளவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தான வாழ்வைத் தருவானாக! ஆமீன்.