கலங்கல் தெளியும் கலை

நுழையும்முன்

நீரின்றி வாழ்வில்லை; தெளிவில்லாத நீரால் நலவாழ்வில்லை. ஒரே இரவில் பச்சையாக மாறிய நீரை மீண்டும் தெளியவைப்பது எவ்வாறு? பழந்தமிழர் அறிந்திருந்த ஒரு விதையின் பண்பும் இன்றைய வேதியியலும் இவ்வினாவில் ஒன்றுசேர்கின்றன.

பச்சை நிறத்தின் காரணம்

பழனி மலைத்தொடரின் வடபுறச் சமவெளியில் அமைந்த ஊர் கீரனூர். இச்சமவெளி ஊர்களின் சிறுவர்களுக்குப் பாசனக் கிணறே முதல் நீச்சல் பள்ளி. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதித்துப் பழகிய தலைமுறைகள் உண்டு. நீர் இறைக்கப்படாமல் கோடையில் தேங்கும்போது அக்கிணறு பாசி பிடித்துப் பச்சையாகும். நகரங்களில் கட்டப்பட்ட நீச்சல் குளங்களுக்கும் இதே நிலை நேர்வதுண்டு.

பாசி வளரக் கதிரொளியும் வெப்பமும் நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகிய ஊட்டப்பொருள்களும் போதும். நீச்சல் குளத்தில் இவை நீந்துவோரின் வியர்வை, உதிர்ந்த இலை, காற்றில் வரும் தூசி ஆகியவற்றால் சேர்கின்றன. நீரில் போதிய குளோரின் இருக்கும்வரை பாசி தலையெடுப்பதில்லை. அது குறைந்தவுடன் பாசி பல்கிப் பெருகுகிறது.

ரியோ காட்டிய பாடம்

2016ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. அங்கு நீரில் பாய்தல் போட்டிக்குரிய குளம் திடீரெனப் பச்சை நிறமாக மாறியதை உலகமே தொலைக்காட்சியில் கண்டது. அருகிலிருந்த மற்றொரு குளமும் அடுத்துப் பச்சையானது. ஏறத்தாழ 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடு தவறுதலாக நீரில் சேர்க்கப்பட்டதே காரணம் எனப் பின்னர் அறிவிக்கப்பட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடும் நீரைத் தூய்மைப்படுத்தும் பொருளே. எனினும் அது குளோரினுடன் சேரும்போது குளோரினைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. அடுத்திருந்த குளத்தின் ஏறத்தாழ 37 லட்சம் லிட்டர் நீர் வெளியேற்றப்பட்டு, தூய நீர் நிரப்பப்பட்டது. தனித்தனியே நன்மை தரும் இரு மருந்துகள் கூடினால் நன்மை இரட்டிப்பாகும் என்று எண்ணுவது பிழை என்பதே இந்நிகழ்வு தரும் பாடம்.

முதற்படி: பாசியை அழித்தல்

நீர்வளம் மிக்க நாடுகளில் குளத்து நீரை முழுவதும் மாற்றிவிடலாம். நீர் அரிதான ஊர்களில் இருக்கும் நீரைத் தெளியவைப்பதே அறிவுடைமை. அதற்கு முதலில் நீரின் பி.எச். மதிப்பை அளந்தறிய வேண்டும். குளோரின் நீரில் கரையும்போது ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. நுண்ணுயிர்களை அழிக்கும் ஆற்றல் பெரிதும் இவ்வமிலத்திற்கே உரியது. பி.எச். 7.5 அளவில் இருக்கும்போது குளோரினில் ஏறத்தாழப் பாதி இவ்வமில வடிவில் இருக்கும். பி.எச். 8.5 ஆக உயர்ந்தால் அது பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே பி.எச். மதிப்பைச் சீர்செய்யாமல் மருந்தை மட்டும் கூட்டுவது வீண்செலவாகும்.

அடுத்து, சுவரிலும் தரையிலும் படிந்த பாசியைத் தூரிகையால் தேய்த்து நீரில் கலக்க வேண்டும். பின்னர்க் குளோரின் சேர்க்க வேண்டும். 10 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் ஆழமும் உடைய குளம் 75,000 லிட்டர் நீரைக் கொள்ளும். அந்நீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் சேர 75 கிராம் குளோரின் தேவை. 30 விழுக்காடு குளோரின் தரும் வெளுப்புத்தூளாயின் அது 250 கிராம் ஆகும். வழக்கமான நாள்களில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் போதுமானது. பாசி பெருகிய காலத்தில் அதைப் பன்மடங்கு உயர்த்த வேண்டும். கதிரொளி குளோரினைச் சிதைப்பதால் அந்திப்பொழுதில் இடுவதே பயன் தரும்.

தெரிந்து தெளிவோம்

வெளுப்புத்தூளுடன் அமிலம் சேர்ந்தால் நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வளி வெளிப்படும். ஆகவே இரண்டையும் ஒரே கலத்தில் கலத்தலும் அருகருகே வைத்தலும் கூடா. தூளின்மீது நீரை ஊற்றாமல், நீரில் தூளைச் சிறிது சிறிதாக இட வேண்டும்.

இரண்டாம் படி: கலங்கலைப் படியவைத்தல்

பாசி அழிந்ததும் பச்சை நிறம் மறையும். ஆனால் நீர் தெளிவதில்லை. சாம்பல் கலந்த வெண்மையுடன் கலங்கி நிற்கும். இறந்த பாசியின் நுண்துகள்களே இக்கலங்கல். இத்துகள்கள் எதிர்மின்னேற்றம் உடையவை. ஆதலால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நாள்கணக்கில் மிதக்கின்றன. மிக நுண்ணியவை மணல் வடிகட்டியிலும் சிக்காமல் நழுவிவிடுகின்றன.

இங்குப் படிகாரம் உதவுகிறது. அதிலுள்ள அலுமினிய அயனிகள் நேர்மின்னேற்றம் கொண்டவை. அவை துகள்களின் மின்னேற்றத்தைச் சமன்செய்து விலக்கத்தை நீக்குகின்றன. பகைத்து நின்ற துகள்கள் திரண்டு, பஞ்சுபோன்ற திரளாகி, எடைமிகுந்து அடியில் படிகின்றன. அப்பொழுது நீரிறைக்கும் பொறியை நிறுத்தி, ஓரிரவு நீரை அசையாமல் விட வேண்டும். காலையில் அடியில் படிந்த வண்டலை மெதுவாக உறிஞ்சி, வடிகட்டிக்குள் செலுத்தாமல் வெளியேற்ற வேண்டும். படிகாரம் நீரின் பி.எச். மதிப்பைக் குறைக்குமாதலால் அதை மீண்டும் அளந்து சீர்செய்தல் இன்றியமையாதது.

தேற்றாவின் தொன்மை

கலங்கலைத் திரட்டிப் படியவைக்கும் இம்முறை தமிழர்க்குப் புதிதன்று. தேற்றா மரத்தின் விதையை மண்பானையின் உட்புறத்தில் தேய்த்து, அதில் கலங்கிய நீரை ஊற்றித் தெளியவைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. தேற்று என்னும் சொல்லுக்குத் தெளியச் செய் என்பது பொருள். செயலே மரத்திற்குப் பெயராயிற்று. சங்க இலக்கியம் இம்மரத்தை இல்லம் எனவும் சுட்டுகிறது. பிரிவுத்துயரால் மனம் கலங்கிய பெண் தலைவன் வரவால் தெளிந்ததற்கு, இவ்விதையால் தெளிந்த நீரைக் கலித்தொகை உவமையாக்குகிறது. திண்டுக்கல் வட்டாரத்தில் மிகுதியாக விளையும் முருங்கையின் விதைக்கும் இப்பண்பு உண்டு. அவ்விதையிலுள்ள நேர்மின்னேற்றப் புரதங்கள் படிகாரத்தைப் போன்றே செயற்படுகின்றன. எனினும் தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகாது. விதையால் தெளிந்த நீரையும் கொதிக்கவைத்தே பருக வேண்டும்.

இயற்கைக் குளத்திற்கு ஆகாத மருந்து

நீச்சல் குளத்திற்குப் பொருந்தும் குளோரின் ஊர்க்குளத்திற்குப் பொருந்தாது. அது மீன்களையும் நீர்வாழ் உயிர்களையும் கொன்றுவிடும். ஊர்க்குளத்தில் பாசி பெருகுவதற்குக் கழிவுநீரும் வயல்களிலிருந்து வழியும் உரமும் முதன்மைக் காரணங்கள். இரவில் பாசியும் அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்களும் நீரிலுள்ள ஆக்சிஜனை உட்கொள்கின்றன. விடியலில் மீன்கள் செத்து மிதப்பது இதனால்தான். சிலவகை நீலப்பச்சைப் பாசிகள் வெளியிடும் நஞ்சு, அந்நீரைப் பருகும் கால்நடைகளின் உயிரையும் பறிக்கும். ஆகவே வரும் கழிவைத் தடுத்தல், வரத்துக் கால்வாயைத் தூர்வாருதல், வண்டலை அகற்றுதல் ஆகியவையே ஊர்க்குளத்திற்கான மருந்துகள்.

தெளிவின் அளவுகோல்

நீர் தெளிந்ததா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கரையில் நின்று பார்க்கும்போது, குளத்தின் மிக ஆழமான இடத்திலுள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாதவரை எவரையும் நீந்த விடலாகாது. கலங்கிய நீரில் மூழ்கிய குழந்தையை, இரண்டடி தொலைவில் நிற்பவரும் காண இயலாது. நீரின் தெளிவு அழகுக்காக மட்டும் அன்று. உயிர்காப்புக்கும் அதுவே அடிப்படை. மருந்தை அளந்து இடும் கையும், அடித்தளம் தெரியும்வரை காத்திருக்கும் பொறுமையும் சேர்ந்தால் கலங்கல் தெளியும்.

கற்பவை கற்றபின்

1. உம் ஊரிலுள்ள கிணறு அல்லது குளத்தின் நீர் கோடையிலும் மழைக்காலத்திலும் எவ்வாறு மாறுகிறது என்பதை உற்றுநோக்கிக் குறிப்பெழுதுக.
2. தெளி, தேற்று, கலங்கு ஆகிய சொற்கள் நீருக்கும் மனத்திற்கும் பொதுவாக வழங்குவதை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.
3. 8 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் ஆழமும் உடைய குளத்தில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் சேர்க்க, 30 விழுக்காடு குளோரின் தரும் வெளுப்புத்தூள் எத்தனை கிராம் தேவை எனக் கணக்கிடுக.