இலைக்கு மாறினால் கட்டுப்படியாகுமா?

கேள்வி: சின்ன பிரியாணிக் கடை நடத்துகிறேன். பிளாஸ்டிக்கை விட்டதும் பார்சல் செலவு கூடிவிட்டது. தாக்குப்பிடிக்க முடியுமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: முடியும். பிரியாணிக்கு வாழையிலை சிக்கலே இல்லை. சூட்டில் வதங்கும் இலையின் மணம் சீரகச் சம்பாவோடு சேர்ந்தால் அதுவே உங்கள் விளம்பரம். வத்தலக்குண்டுப் பக்கத்து விவசாயியிடம் நேரடியாக வாங்கிப் பாருங்கள்.

செலவு ஏறுவது சால்னாவிலும் தயிர் வெங்காயத்திலும்தான். இலையில் கட்ட முடியாது. மூடி போட்ட டப்பாவோ விலை அதிகம். தூக்குவாளி கொண்டு வருபவருக்கு ஒரு கரண்டி சால்னா கூடுதலாக ஊற்றுங்கள். டப்பா விலையைவிட அது மலிவு. அவர் மறுபடியும் வருவார். கடையில் சாப்பிடுவோருக்கு எவர்சில்வர் டம்ளர் போதும். கழுவ ஆள் வேண்டும், தண்ணீரும் வேண்டும். கோடையில் நம் ஊரில் அது சின்னச் செலவல்ல.

பக்கத்துக் கடைக்காரர் பிளாஸ்டிக் பையில் கட்டி மிச்சம் பிடிக்கிறாரே என்று கலங்காதீர்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் அதற்குத் தடை. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒருமுறை அபராதம் கட்டினால் அந்த மிச்சம் கரைந்துவிடும்.

செலவை ஈடுகட்ட இன்னொரு வழியும் உண்டு. சிக்கன் பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பயோடீசல் தயாரிக்க அதை விலைக்கு வாங்குகிறார்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரியுங்கள்.