காயத்தோடு காரணத்தையும் பாருங்கள்

அரசு மருத்துவமனைகளில் புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் செவிலியப் பிள்ளைகளுக்கு, ஓய்வுபெற்ற ஒரு செவிலியர் சொல்வது இது. வீட்டில் அடிபடும் பெண் காவல் நிலையப் படியேறத் தயங்குவாள். ஆனால் பிள்ளையின் தடுப்பூசிக்கும் தன் தலைவலி மாத்திரைக்கும் நம்மிடம் வந்தே தீருவாள். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21), தமிழகத்தில் 18 முதல் 49 வயது வரையுள்ள திருமணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். ஒரு காய்ச்சல் இத்தனை பேரைத் தாக்கினால் நாம் சும்மா இருப்போமா?

1. சொல்லும் காரணம் காயத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். "பாத்ரூம்ல வழுக்கிட்டேன் சிஸ்டர்" என்பாள். வழுக்கி விழுந்தால் பெரும்பாலும் உள்ளங்கையும் முட்டியும் சிராய்க்கும். முன்கைகளின் வெளிப்புறம் கன்றியிருந்தால், அடியைத் தடுக்கக் கையைத் தூக்கியிருக்கலாம்.

2. காயமே இல்லாமலும் வருவாள். தீராத தலைவலி, தூக்கமின்மை, அடிவயிற்று வலி, பூச்சிமருந்து குடித்த நிலை என்று வருவாள். கர்ப்பத்தில் அடிபட்டால் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் நேரலாம்.

3. தனியாகக் கேளுங்கள். கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருந்தால் வாயைத் திறக்காதீர்கள். எடை பார்க்க, சிறுநீர்ப் பரிசோதனைக்கு என்று உள்ளே அழைத்துப் போங்கள். "வீட்ல யாராவது அடிக்கிறாங்களாம்மா?" என்று நேராகவே கேட்கலாம்.

4. கழுத்தை நெரித்தார் என்றால் அந்த நிமிடமே மருத்துவரைக் கூப்பிடுங்கள். வெளியே தடம் எதுவும் தெரியாமல் இருக்கலாம். குரல் கம்மல், விழுங்கும்போது வலி, கண்ணில் ரத்தப் புள்ளிகள் உண்டா என்று பாருங்கள். கழுத்து ரத்தக்குழாயில் உட்காயம் இருந்தால் சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம்.

5. பஞ்சாயத்து பேசாதீர்கள். "பிள்ளைங்களுக்காகப் பொறுத்துக்கோ" என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. "இன்னைக்கே விட்டுட்டு வந்துடு" என்றும் சொல்லாதீர்கள். பிரியப்போகிறாள் என்று தெரியவரும் வேளையில்தான் பலருக்கு உயிராபத்து அதிகம். "இது உன் தப்பு இல்லம்மா" என்பதை மட்டும் தயங்காமல் சொல்லுங்கள்.

6. சரியாக எழுதுங்கள். விபத்துப் பதிவேட்டில் 'கீழே விழுந்ததால்' என்று நீங்களாக எழுதிவிட்டால், நாளை நீதிமன்றத்தில் அந்த வரியே அவளுக்கு எதிராக நிற்கும். யார், எதனால், எப்போது அடித்தார் என்பதை அவள் சொன்ன வார்த்தைகளிலேயே பதியச் செய்யுங்கள். காயத்தின் இடமும் அளவும் விடுபடக் கூடாது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் (2005) 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகளின்படி, குடும்ப நிகழ்வு அறிக்கை இல்லையென்று சிகிச்சையை மறுக்கக் கூடாது. அதை மருத்துவமனையே நிரப்பிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். மருத்துவ அறிக்கையின் நகல் அவளுக்கு இலவசம்.

7. வழி சொல்லி அனுப்புங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தால் வீட்டில் மாட்டிக்கொள்வாள். மூன்றே இலக்கம்தான், மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையம் எங்கே இருக்கிறது, அங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

8. "இது நம்ம வேலையா?" என்று மூத்தவர்களே கேட்கக்கூடும். மும்பை பாந்த்ராவில் மாநகராட்சியின் பாபா மருத்துவமனை, இப்பெண்களுக்கென்றே 'திலாசா' என்ற ஆலோசனை மையத்தைத் தன் வளாகத்துக்குள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அதைச் சொல்லுங்கள்.

9. அவசரப்படாதீர்கள். "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றால் துருவ வேண்டாம். அடுத்த தடுப்பூசிக்கு வரும்போது மறுபடி கேளுங்கள். அவள் சொல்லத் துணியும் நாளில், கேட்கவும் எழுதவும் வழிகாட்டவும் தெரிந்த ஒருவர் பணியில் இருக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.