கையெழுத்துப் போட்டது நீங்கள் மட்டும்தானா, தம்பி?

கேள்வி: ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் அரியலூர் பக்கம். ஹாஸ்டல் கட்டணம் கட்டுப்படியாகவில்லை. அதனால் நான்கு பேர் சேர்ந்து ஸ்ரீபெரும்புதூர் டவுனிலேயே ஒரு வீடு எடுத்தோம். வாடகை 10,000 ரூபாய், அட்வான்ஸ் 40,000. ஆளுக்குக் கால் பங்கு. அக்ரிமென்ட் மட்டும் என் பெயரில் இருக்கிறது. நானும் என் வகுப்புத் தோழனும் மாணவர்கள். மற்ற இருவரும் டிப்ளமோ முடித்து ஒரகடத்தில் அப்ரண்டிஸாக இருப்பவர்கள்.

அவர்களில் ஒருவன் மூன்று மாதமாகப் பங்கு தரவில்லை. கேட்டால் "அடுத்த வாரம் போட்டுவிடுறேன் மச்சான்" என்கிறான். இன்னொருவன் அப்ரண்டிஸ் காலம் முடிந்ததும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். இப்போது தன் அட்வான்ஸ் 10,000-ஐ அனுப்பச் சொல்கிறான். அவன் இருந்த காலத்து கரண்ட் பில் எங்கள் தலையில் விழுந்தது. என் வகுப்புத் தோழன் பணம் சரியாகத் தருவான். ஆனால் கதவைப் பூட்டாமல் போவான். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவன் தூங்கும்போது பாட்டுப் போடுவான். ஓனர் எதற்கெடுத்தாலும் என்னிடம்தான் சத்தம் போடுகிறார். பாக்கி வைத்திருப்பவனின் ஒரிஜினல் சர்ட்டிபிகேட் ஃபைல் வீட்டில் இருக்கிறது. பணம் வரும்வரை அதை எடுத்து வைத்துக்கொள்ளலாமா?

– பெயர் வேண்டாம், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: வைத்துக்கொள்ளாதீர்கள், தம்பி. அவர் உங்களுக்குத் தர வேண்டியது 7,500 ரூபாய். அது சிவில் பாக்கி. அவருடைய சான்றிதழை நீங்கள் எடுத்து மறைத்தால், புகார் கொடுக்கும் உரிமை அவர் பக்கம் போய்விடும். பைக் சாவியைப் பிடுங்குவது, பூட்டை மாற்றி வெளியே நிறுத்துவது எல்லாமே இந்த வகைதான். நியாயம் உங்களிடம் இருக்கும்போது அதை நீங்களே கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஓனர் உங்களிடமே சத்தம் போடுவதற்குக் காரணம் எளிது. அக்ரிமென்ட் உங்கள் பெயரில் இருப்பதால் சட்டப்படி வாடகைதாரர் நீங்கள் ஒருவர்தான். 10,000 ரூபாயும் உங்கள் பொறுப்பு. மற்ற மூவரும் உங்களுக்குக் கடன்பட்டவர்களே தவிர ஓனருக்கு அல்ல. அடுத்த முறை புதுப்பிக்கும்போது குடியிருக்கும் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். அப்போதும் முழு வாடகையையும் யாரிடம் வேண்டுமானாலும் ஓனர் கேட்கலாம். ஆனால் கட்டியவர் மற்றவர்களிடம் அவரவர் பங்கை உரிமையோடு வசூலிக்க முடியும். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 43-ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும் என்கிறது.

இனி ஒவ்வொருவராகப் பார்ப்போம். பாக்கி வைத்திருப்பவர் முடியாமல் தராதவரா, மனமில்லாமல் தராதவரா? இதைத் தெரிந்துகொள்ளாமல் சண்டைக்குப் போகாதீர்கள். அப்ரண்டிஸ் உதவித்தொகை பெரிய தொகை அல்ல. 2019-இல் விதிகளைத் திருத்தியபோது டிப்ளமோ முடித்தவர்களுக்கு நிர்ணயித்த குறைந்தபட்சம் மாதம் 8,000 ரூபாய். கம்பெனிகள் கூடுதலாகவும் தரலாம். ஒரு மாதத்துத் தொகையை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. உங்கள் ஓனர் வாடகையை எந்தத் தேதியில் கேட்கிறார்? 5-ஆம் தேதி என்றால் பணம் கைக்கு வருவதற்கு முன்பே கெடு வந்துவிடுகிறது. வந்த பிறகு வேறு செலவு முந்திக்கொள்கிறது. ஓனரிடம் பேசிக் கெடுவை 12-ஆம் தேதிக்கு மாற்றிப் பாருங்கள். பழைய பாக்கியை மாதம் 1,500 வீதம் ஐந்து தவணையாகக் கட்டச் சொல்லுங்கள். முடியாதவர் என்றால் இதற்கு நிம்மதியாகச் சம்மதிப்பார். மனமில்லாதவர் இதற்கும் "பார்க்கலாம்" என்பார். அந்தப் பதிலே உங்களுக்குப் போதும்.

ஒரு கணக்கை மறந்துவிடாதீர்கள். அவருடைய அட்வான்ஸ் பங்கு 10,000 ரூபாய் ஓனரிடம் இருக்கிறது. பாக்கி 7,500. இன்னும் ஒரு மாதம் விட்டால் இரண்டும் சமமாகிவிடும். அதற்குப் பிறகு அவர் தங்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் கைக்காசில்தான். எனவே முடிவெடுக்க உங்களுக்கு இருப்பது இந்த மாதம் மட்டுமே.

சொல்லாமல் போனவருக்கு வருவோம். அப்ரண்டிஸ் பயிற்சிக்கு முடிவுத் தேதி உண்டு. அது சேரும் நாளிலேயே தெரியும். அந்தத் தேதியை நீங்கள் முதலிலேயே கேட்டு வைத்திருக்க வேண்டும். அவருடைய 10,000-ஐ முழுதாக மறுக்க உங்களுக்கு உரிமையில்லை, முழுதாகத் தரவும் தேவையில்லை. வாடகைப் பாக்கி ஏதாவது இருந்தால் அது, அவர் இருந்த நாள் வரைக்குமான கரண்ட் பில் பங்கு ஆகியவற்றைக் கழித்து, கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மீதியை, அவர் இடத்துக்கு வருபவர் தரும் அட்வான்ஸிலிருந்து கொடுப்பதாகச் சொல்லுங்கள். புது ஆளைச் சேர்க்குமுன் ஓனரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் உள்வாடகைக்கு விட்டதாக உங்கள் மேலேயே குற்றம் வரும்.

கரண்ட் பில்லில் ஒரு சிக்கல் உண்டு. நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு. நடுவில் கிளம்புகிறவர் தப்பித்துவிடுகிறார். பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமும் மாறிப் பில் எகிறும். பில் வரட்டும் என்று காத்திருக்காமல் மாதாமாதம் ஆளுக்கு ஒரு தொகையை வாடகையோடு சேர்த்து வாங்கிவிடுங்கள். பில் வந்ததும் நேர்செய்யலாம்.

உங்கள் வகுப்புத் தோழரின் விஷயம் பணத்தைவிடச் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஷிஃப்ட் வேலை நடக்கும் இந்தப் பகுதியில் தூக்கம்தான் பெரிய சொத்து. இரவெல்லாம் லைனில் நின்றுவிட்டு வந்தவர் பகலில் தூங்காமல் மறுபடி மெஷின் முன்னால் நின்றால் கைவிரலுக்கு ஆபத்து. இதை உங்கள் தோழரிடம் நேராகச் சொல்லுங்கள். அந்த வாரம் யாருக்கு நைட் ஷிஃப்ட் என்று சுவரில் எழுதி வையுங்கள். அந்தப் பகல்களில் ஹெட்போன்தான். கதவுக்கு, இழுத்தாலே பூட்டிக்கொள்ளும் பூட்டாக மாற்றிவிடுங்கள். சிலருடைய ஞாபகசக்தியோடு சண்டை போடுவதைவிட அது மலிவு.

தங்குமிடச் சிக்கல் உங்கள் வீட்டில் மட்டும் இல்லை. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே விடுதி ஒன்றில் கெட்டுப்போன உணவால் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். தங்குமிடம் என்பது இந்தத் தொழிற்பகுதியின் பெரிய பிரச்சினை என்று ஊருக்கே அப்போதுதான் உறைத்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது. அப்படிப்பட்ட இடத்தில் தவறு நடந்தால் பதில் சொல்ல வார்டனும் நிர்வாகமும் உண்டு. உங்களைப் போல வீடு பிடித்துத் தங்குகிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது. வார்டன் வேலையையும் நீங்களேதான் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும்.

அதற்கு ஒரு தாள் போதும். வாடகையும் கரண்ட் பணமும் எந்தத் தேதிக்குள், காலி செய்வதென்றால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், அட்வான்ஸ் எப்போது திரும்பும், இரவு தங்க விருந்தாளி வரலாமா என்ற நான்கையும் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பணம் கைமாறுவது யுபிஐ-யில் மட்டும் இருக்கட்டும். பிறகு வழக்கென்று வந்தால் அந்தத் தாளும் ரசீதும் வாட்ஸ்அப் செய்தியும்தான் உங்கள் சாட்சி.

பாக்கி வைத்திருப்பவர் தவணைக்கும் சம்மதிக்காவிட்டால், ஒரு தேதி குறித்து எழுத்தில் கேளுங்கள். தேதி தாண்டினால் இடத்தைக் காலி செய்யச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் பாக்கி நின்றால் 15100 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். வழக்குப் போடாமலேயே லோக் அதாலத்தில் பேசித் தீர்க்க முடியும். பாக்கியைக் கேட்க மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. அவசரப்பட்டுக் கைகலப்பில் இறங்க வேண்டியதில்லை.

சர்ட்டிபிகேட் ஃபைலை இன்றே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். எல்லோரும் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை பார்த்து, பேப்பரும் பேனாவுமாக உட்காருங்கள். நல்ல நண்பர்கள் கையெழுத்துப் போடத் தயங்கமாட்டார்கள்.