ஒரே நாற்காலியில் இரண்டு உறுப்பினர்கள்

அன்புள்ள நண்பருக்கு,

‘ஒரு கட்சியை மக்கள் அமோகமாக ஜெயிக்க வைத்த பிறகும் சபைக்குள் அதிகாரம் ஏன் பழைய ஆட்களிடமே தங்கிவிடுகிறது?’ என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையை வைத்துப் பதில் சொல்கிறேன். இந்தச் சண்டை அங்கே பலமுறை பகிரங்கமாகவே நடந்திருக்கிறது.

அந்தச் சபையில் மசோதாவின் தலையெழுத்து கமிட்டியில்தான் எழுதப்படுகிறது. பெரும்பாலான மசோதாக்கள் கமிட்டியைத் தாண்டி வெளியே வருவதே இல்லை. பெரும்பான்மை பெற்ற கட்சிக்கே எல்லாக் கமிட்டிகளின் தலைமையும் போகும். ஆகவே ஜெயித்த கட்சிக்குள் யார் எந்தக் கமிட்டிக்குத் தலைவர் என்பதுதான் அடுத்த தேர்தல். இதில் பொதுமக்களுக்கு ஓட்டு இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி இந்தக் கேள்விக்கு ஒரே விடைதான் இருந்தது: சீனியாரிட்டி. கமிட்டியில் அதிக காலம் உட்கார்ந்திருப்பவரே தலைவர். இதற்கும் ஒரு நியாயம் இருந்தது. 1910 வரை சபாநாயகர் ஜோசப் கேனன் எல்லாவற்றையும் தன் கைக்குள் வைத்திருந்தார். உறுப்பினர்கள் கலகம் செய்து அவர் அதிகாரத்தைப் பறித்தார்கள். இனி ஒரு தனி மனிதரின் தயவில் பதவி கிடைக்கக் கூடாது என்றுதான் வருஷக் கணக்கை இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

இதில் லாபம் அடைந்தவர்கள் தென் மாநிலங்களின் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். அங்கே கறுப்பின மக்களை ஓட்டுப் போடவிடாமல் தடுத்து வைத்திருந்தார்கள். எதிர்க்கட்சி என்று ஒன்று பெயருக்குத்தான் இருந்தது. ஒரே ஆள் திரும்பத் திரும்ப ஜெயித்தார், சீனியாரிட்டி தானாக ஏறியது. நியூயார்க்கிலும் சிகாகோவிலும் மக்கள் போட்ட ஓட்டால் கட்சி பெரும்பான்மை பெறும். கமிட்டிச் சாவி விர்ஜீனியாக்காரர் இடுப்பில் இருக்கும். எந்த மசோதா சபை விவாதத்துக்கு வரும் என்பதை முடிவு செய்யும் விதிகள் கமிட்டியின் தலைவர் ஹோவர்ட் ஸ்மித் அப்படிப்பட்டவர். 1957இல் சிவில் உரிமை மசோதா வந்தபோது, தன் பண்ணையில் களஞ்சியம் எரிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அவர் கூட்டினால்தான் கமிட்டி கூடும். மசோதா காத்துக் கிடந்தது.

இன்னொரு காட்சி, 1973. ராணுவக் கமிட்டிக்கு லூசியானாவைச் சேர்ந்த எட்வர்ட் ஹேபேர் தலைவர். கொலராடோவிலிருந்து புதிதாக வந்த பாட்ரிசியா ஷ்ரோடரையும், கலிபோர்னியாவின் கறுப்பின உறுப்பினர் ரான் டெலம்ஸையும் அவர் விருப்பத்தை மீறிக் கட்சி அந்தக் கமிட்டியில் போட்டுவிட்டது. ஹேபேர் இருவருக்குமாக ஒரே ஒரு நாற்காலி போட்டார். பெண்ணும் கறுப்பரும் மற்ற உறுப்பினரில் பாதி மதிப்புத்தான் என்று அவர் சொன்னதாக ஷ்ரோடர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். லட்சக்கணக்கானவர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய இரண்டு பேர் ஒரே நாற்காலியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மூவரும் ஒரே கட்சி என்பதை நினைத்துப் பாருங்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

1974 ஆகஸ்டில் வாட்டர்கேட் ஊழலில் சிக்கிய அதிபர் நிக்சன் ராஜினாமா செய்தார். நவம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி 435 இடங்களில் 291ஐப் பிடித்தது. சுமார் 75 பேர் புதுமுகங்கள். கமிட்டித் தலைவர்கள்மீது கட்சிக்குள் ரகசிய வாக்கெடுப்பு நடத்தும் விதி 1973இலேயே வந்திருந்தது. அப்போது அத்தனை பேரும் தப்பிவிட்டார்கள். இந்த முறை புதியவர்கள் தலைவர்களை ஒவ்வொருவராகத் தங்கள் முன் வரவழைத்துக் கேள்வி கேட்டார்கள். ஹேபேர் அவர்களைப் ‘பையன்களே, பெண்களே’ என்று கூப்பிட்டதாகச் சொல்வார்கள். 1975 ஜனவரியில் அவர் பதவி போயிற்று. விவசாயக் கமிட்டித் தலைவர் போக், வங்கிக் கமிட்டித் தலைவர் ரைட் பாட்மன் இருவருக்கும் அதே கதி. கமிட்டிகளுக்கு உறுப்பினர்களைப் பிரித்துக் கொடுக்கும் அதிகாரத்தை அதற்கு முந்தைய மாதமே வரிக் கமிட்டியின் கையிலிருந்து பிடுங்கி, கட்சியின் வழிகாட்டுக் குழுவிடம் கொடுத்திருந்தார்கள்.

பாட்மன் விஷயத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை. 81 வயது, கமிட்டியைக் கட்டிமேய்க்க முடியவில்லை என்றார்கள், இருக்கலாம். ஆனால் பெரிய வங்கிகளை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவர் அவர். 1972 அக்டோபரிலேயே வாட்டர்கேட் பணத்தின் மூலத்தைத் தோண்டப் பார்த்தார். அவருடைய கமிட்டியே ஓட்டுப் போட்டுத் தடுத்தது, தடுத்தவர்களில் சொந்தக் கட்சிக்காரர்களும் உண்டு. வாட்டர்கேட் கோபத்தில் ஜெயித்து வந்தவர்களே அவரை இறக்கினார்கள். அது அநியாயம். அதற்காக அந்த வாக்கெடுப்பு முறையையே குறை சொல்ல மாட்டேன். பத்து ஆண்டு கழித்து, 1985இல், ஹேபேரின் இடத்துக்கு வந்த மெல்வின் பிரைஸையும் அதே ஓட்டுத்தான் இறக்கி, சீனியாரிட்டியில் பலருக்குப் பின்னால் இருந்த லெஸ் ஆஸ்பினை ஏற்றியது. ஒருமுறை வந்த கோபம் நிரந்தர வழக்கமாகிவிட்டது என்பதுதான் முக்கியம்.

அடுத்து 1994. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு குடியரசுக் கட்சி பெரும்பான்மை பெற்றது. நியூட் கிங்ரிச் சபாநாயகர். அவர் மூன்று கமிட்டிகளை ஒழித்தார், கமிட்டி ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தார், யாரும் ஆறு ஆண்டுக்கு மேல் தலைவராக இருக்கக் கூடாது என்று விதி போட்டார். இந்த ஆறு ஆண்டு விதி நல்ல விதி. ஆனால் தலைவர்களை அவரே தேர்ந்தெடுத்தார். இரண்டு கமிட்டிகளில் மூத்தவராக இருந்த கார்லோஸ் மூர்ஹெட்டுக்கு இரண்டுமே கிடைக்கவில்லை. நீதித்துறைக் கமிட்டி ஹென்றி ஹைடுக்கும், வணிகக் கமிட்டி தாமஸ் பிளைலிக்கும் போயின. பிறகு யார் கட்சியின் தேர்தல் நிதிக்கு எவ்வளவு திரட்டித் தருகிறார் என்பதும் கணக்கில் சேர்ந்தது. கேனனிடம் பறித்தது மறுபடி சபாநாயகர் கைக்கே போய்விட்டது.

2023இல் குடியரசுக் கட்சியின் கெவின் மெக்கார்த்தி 15 சுற்று ஓட்டுக்குப் பிறகுதான் சபாநாயகர் ஆனார். அதற்குக் கொடுத்த விலையில் ஒன்று, விதிகள் கமிட்டியில் சொந்தக் கட்சி அதிருப்தியாளர் மூவருக்கு இடம். அந்தக் கமிட்டியில் பெரும்பான்மைத் தரப்பு 9, எதிர்த்தரப்பு 4. மூன்று பேர் அந்தப் பக்கம் சாய்ந்தால் 7க்கு 6, எதையும் நிறுத்தலாம். இது உறுப்பினர்களுக்கு அதிகாரம் வந்ததாகாது; விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் மிரட்டிப் பெற்றது. அதே ஆண்டு அக்டோபரில் 216க்கு 210 என்று மெக்கார்த்தியின் பதவியும் பறிபோனது.

நான் 1975ஆம் ஆண்டின் பக்கம். கமிட்டித் தலைவர் பதவி வருஷக் கணக்கிலும் வரக் கூடாது, கட்சித் தலைமையின் தயவிலும் வரக் கூடாது. கூட இருக்கும் உறுப்பினர்களின் ரகசிய ஓட்டில் வர வேண்டும்.

இனி நம் கதைக்கு வருவோம். நம் நாடாளுமன்றத்தில் துறைசார் நிலைக்குழுக்கள் 1993இல் வந்தன. மக்களவையின் கீழ் உள்ளவற்றுக்குச் சபாநாயகரும், மாநிலங்களவையின் கீழ் உள்ளவற்றுக்கு அவைத்தலைவரும் தலைவரை நியமிக்கிறார்கள். உறுப்பினர்கள் ஓட்டுப் போடுவதில்லை. நாம் எத்தனையோ மரபுகளை எடுத்துக்கொண்ட பிரிட்டனில், 2010 முதல் பெரும்பாலான தேர்வுக் குழுக்களின் தலைவர்களை எம்.பி.க்கள் ரகசிய ஓட்டில் தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் தொகுதி எம்.பி. எந்தக் குழுவில் இருக்கிறார் என்று முதலில் பாருங்கள். அடுத்த முறை அவர் ஊருக்கு வரும்போது, சாலை, குடிநீரோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: குழுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு உங்களுக்கு வேண்டுமென்று டெல்லியில் எப்போது பேசப் போகிறீர்கள்?