பெயர் வேறு, ஊதியம் வேறு: அரசுப் பணியில் மகளிர் ஊதியம் – ஓர் ஆய்வு

நங்கைநல்லூர் என்பதே நங்கநல்லூர் என மருவிற்று எனக் கூறுவோர் உளர். மீனம்பாக்கம் வானூர்தி நிலையத்திற்கு அண்மையில் அமைந்து, நடுவண் அரசு அலுவலரும் வங்கிப் பணியாளரும் ஓய்வூதியரும் மிகுதியாகக் குடியேறிய ஊர் இது. "அரசுப் பணியில் ஆணுக்கொரு சம்பளம், பெண்ணுக்கொரு சம்பளம் என்பது உண்டோ?" என இவ்வூர் அலுவலர் எவரை வினவினும், "இல்லை" என்னும் விடையே விரைந்து வரும். அவ்விடை ஓரளவு உண்மையே. இளநிலை உதவியாளர் ஆணாயினும் பெண்ணாயினும் ஊதிய விகிதம் ஒன்றே. ஆயின் பதவியின் பெயரே பால்வழிப் பிரிந்து நிற்குமிடத்து நிகழ்வது யாது? அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

சட்டத்தின் சொற்கள்

ஒத்த வேலைக்கு ஆடவர்க்கும் மகளிர்க்கும் ஒத்த ஊதியம் என்னும் நெறியை நம் அரசமைப்புச் சட்டத்தின் 39ஆம் உறுப்பு அரசுக்கு வழிகாட்டும் கோட்பாடாக வகுத்துள்ளது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1951இல் இயற்றிய 100ஆம் உடன்படிக்கையை இந்தியா 1958இல் ஏற்றது. அனைத்துலக மகளிர் ஆண்டான 1975இல் அவசரச் சட்டமாகப் பிறந்து, 1976இல் சம ஊதியச் சட்டம் நிலைபெற்றது.

இவ்விடத்தே தமிழ் பயில்வார் ஒரு சொல் வேறுபாட்டைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். உடன்படிக்கை பேசுவது "சம மதிப்புள்ள வேலை" பற்றி. நம் சட்டம் பேசியதோ "அதே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை" பற்றி. முன்னதன்படி, முற்றிலும் வேறான இரு வேலைகளையும் திறன், உழைப்பு, பொறுப்பு ஆகியவற்றால் எடைபோட்டு ஒப்பிடலாம். பின்னதன்படி, ஒரே வகை வேலையைச் செய்யும் ஓர் ஆடவர் கண்முன் இருந்தாலன்றி ஒப்பீடே தொடங்காது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்ட 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் இக்குறுகிய சொற்றொடரையே கைக்கொண்டது. ஒரு பெயரடையின் வேறுபாடுதானே எனக் கருதற்க.

வானூர்தியில் இரு பதவிகள்

நங்கநல்லூருக்கு அடுத்த வானூர்தி நிலையத்தை நாளும் பயன்படுத்திய ஏர் இந்தியா, 1953 முதல் 2022 சனவரி வரை அரசுடைமையாய் விளங்கியது. அதன் வானூர்திகளில் பயணியரைப் பேணும் ஆடவர் 'உதவி விமானப் பர்சர்' எனவும், மகளிர் 'விமானப் பணிப்பெண்' எனவும் அழைக்கப்பெற்றனர். ஒரே வானூர்தியில் ஒருங்கே பறந்த இவ்விரு சாராரின் பணிவிதிகளோ வேறு. ஆடவர் 58 அகவை வரை பணியாற்றலாம். பணிப்பெண் 35இல் விலக வேண்டும். பணியேற்ற நான்கு ஆண்டுகளுக்குள் மணம் புரிந்தாலோ, முதன்முறை கருவுற்றாலோ அதற்கு முன்னரே விலக வேண்டும். 35க்கு மேல் 45 வரை நீட்டிப்பதோ நிருவாக இயக்குநரின் விருப்பத்தைப் பொறுத்தது.

இஃது ஓய்வு வயது பற்றிய சிக்கலன்றோ, ஊதியத்திற்கும் இதற்கும் என்ன தொடர்பு என ஐயுறுவார்க்கு ஓர் எளிய கணக்கைக் காட்டுவோம். இருவரும் 22ஆம் அகவையில் சேர்ந்தனர் எனக் கொள்வோம். ஒருவர்க்கு 36 ஆண்டுச் சம்பளம். மற்றவர்க்கு 13 ஆண்டுச் சம்பளம். ஆண்டுதோறும் ஏறும் ஊதிய உயர்வும், பணிக்காலத்தைப் பொறுத்துப் பெருகும் பணிக்கொடையும் இதனுள் அடங்கும்.

இவ்விதிகளை எதிர்த்து நர்கீஸ் மீர்சாவும் பிறரும் தொடுத்த வழக்கில், 1981 ஆகசுடு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதியரசர் பஸ்ல் அலி. கருவுற்றால் பணிநீக்கம் என்னும் விதி இந்தியப் பெண்மைக்கே இழிவு எனக் கடிந்து அதனை நீதிமன்றம் நீக்கியது. இயக்குநரின் கட்டற்ற விருப்பதிகாரத்தையும் நீக்கியது. நான்கு ஆண்டுத் திருமணத் தடையையோ, குடும்ப நலம் முதலிய காரணங்காட்டி நிலைநிறுத்தியது. இம்முடிவு நமக்கு உடன்பாடன்று. குடும்ப நலம் ஆடவர்க்கும் உரியதே.

எனினும் நம் ஆய்வுக்கு இன்றியமையாதது பிறிதொரு பகுதி. பர்சரும் பணிப்பெண்ணும் வெவ்வேறு பிரிவினர். தேர்வுமுறை வேறு, பதவி உயர்வு வழி வேறு. ஆதலின் இருவரையும் ஒப்பிடல் இயலாது என்றது நீதிமன்றம். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்கீழ் நடுவண் அரசு 1979 சூன் 15இல் விடுத்த அறிவிப்பும் அதற்குத் துணையாயிற்று. ஊதிய வேறுபாடு பணிநிலைமைகளால் விளைந்ததேயன்றிப் பாலால் விளைந்ததன்று என அவ்வறிவிப்புக் கூறியது. பிரித்து வைத்தவரும் அரசு நிறுவனத்தார். பிரிவு முறையானது எனச் சான்று நல்கியதும் அரசு. பெயரைப் பிரித்தபின், பெயர் பிரிந்திருப்பதே வேறுபாட்டிற்குக் காரணமாய் நின்ற விந்தையை என்னென்பது!

வானூர்தியில் மேற்பார்வையாளர் பதவி நெடுங்காலம் ஆடவர்க்கே உரியதாய் இருந்தது. 2005இல் ஏர் இந்தியா அதனை மகளிர்க்கும் திறந்துவிட்டபோது ஆடவர் தரப்பினர் வழக்காடினர். 2011 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்தம் கோரிக்கையை ஏற்க மறுத்தது.

இடையே 1987இல், மெக்கின்னன் மெக்கன்சி என்னும் தனியார் நிறுவனத்தின் பெண் சுருக்கெழுத்தாளர் வழக்கில், பெயரளவிலான சிறு வேறுபாடுகளைப் பொருட்படுத்தாது பணியின் தன்மையைப் பரந்த நோக்கில் காணல் வேண்டும் என அதே நீதிமன்றம் உரைத்தது. ஆங்கு ஒப்பிடற்கு ஆண் சுருக்கெழுத்தாளர் இருந்தனர்.

ஒப்பிட ஆளில்லாப் பணி

ஆடவரே இல்லாத பணி எனின் எவரோடு ஒப்பிடுவது? நங்கநல்லூர் உட்பட நாடெங்கும் இயங்கும் அங்கன்வாடிகளை நோக்குவோம். 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் பணியாளர் அனைவரும் மகளிர். குழந்தையின் எடை காண்பது, உணவூட்டுவது, கற்பிப்பது, கருவுற்ற தாயரைக் கண்காணிப்பது, பதிவேடு எழுதுவது ஆகிய அனைத்தும் அவர்தம் பொறுப்பே. நடுவண் அரசு இவர்க்கு வழங்குவதற்குச் சூட்டிய பெயர் 'மதிப்பூதியம்'. உழைப்பிற்கு ஈடாகத் தருவது ஊதியம். மதிப்பிற்காகத் தருவது மதிப்பூதியமாம். தமிழக அரசு இவரைச் 'சிறப்புக் காலமுறை ஊதியம்' என்னும் தனி விகிதத்தில் வைத்தது. வழக்கமான காலமுறை ஊதியத்தினும் அது குறைவு; சிறப்பென்னும் அடைமொழி ஈண்டுச் சிறுமையையே சுட்டிற்று.

அங்கன்வாடிப் பணி அரசுப் பதவியன்று என 2006இல் அமீர்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயின் 2022 ஏப்பிரலில், மணிபென் வழக்கில், மதிப்பூதியமும் ஊதியமே எனக் கொண்டு, 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி இவர்க்குப் பணிக்கொடை உண்டு எனத் தீர்ப்பளித்தது. பெயரை நீக்கிப் பொருளை நோக்கிய தீர்ப்பு என இதனைப் போற்றலாம். எனினும் அது பணிக்கொடை பற்றியதே. மாதந்தோறும் பெறும் தொகை எதனோடு சமமாதல் வேண்டும் என்பது பற்றியதன்று.

இங்கிலாந்தில் நிகழ்ந்ததொன்று இவ்விடத்தே ஒப்புநோக்கத் தக்கது. அந்நாட்டுச் சட்டம் 1984 முதல் சம மதிப்புள்ள வேலையையும் ஒப்பிட இடந்தந்தது. அதனால் பர்மிங்காம் மாநகராட்சியில் சமையற்பெண்டிரும் துப்புரவு மகளிரும், மிகைத்தொகை பெற்றுவந்த குப்பை அள்ளும் ஆடவரோடு தம்மை ஒப்பிட்டு வழக்காடினர். 2012இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பணிவிட்டுச் சென்ற மகளிரும் வழக்குத் தொடரலாம் என வழிவிட்டது. 2023இல் அம்மாநகராட்சி நிதி நெருக்கடியை அறிவித்தபோது, மகளிர்க்குத் தரவேண்டிய ஊதிய நிலுவையும் அதற்கொரு காரணமாய்க் கூறப்பெற்றது.

அங்கன்வாடிப் பணியாளரை அவ்வாறே ஓர் அரசு ஊர்தி ஓட்டுநரோடோ, அலுவலகப் பதிவறை எழுத்தரோடோ திறனும் பொறுப்பும் வைத்து எடைபோட நம் சட்டத்தின் சொற்கள் இடந்தரவில்லை. இருபது குழந்தைகளை ஒருங்கே பேணுவது திறனா, தாய்மையின் இயல்பா என்னும் வினா அச்சொற்களுக்கு வெளியே விடையின்றி நிற்கின்றது.